ஹரிணி மூடாத பக்கம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் வராத காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் வேலை கேட்டுப் போகிறவர்கள் காகிதம் கொண்டுபோவதில்லை. பார்த்த வேலை எல்லாம் பழைய கம்பெனிகளின் முத்திரையோடு கைப்பேசியில் இருக்கும். எதையும் அழிக்க முடியாது. ஆனால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் மூடிவைத்துக் காட்டலாம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஹரிணி வந்தாள். ஏழு மாதமாக வேலையில்லை. அவள் பதிவைப் பார்த்த அதிகாரி பிரணவ் பதறிப்போனான்.

"ஏனுங்க்கா, 'பூட்டை உடைத்ததால் நீக்கம்'னு இருக்குதே! எல்லாரும் இந்த மாதிரிப் பக்கத்தை மூடிட்டுத்தானுங்க வர்றாங்க. இப்பவாச்சும் மூடுங்க, வேலை உங்களுக்குத்தான்."

"மூட மாட்டனுங்க தம்பி. அந்தக் கம்பெனிக்குள்ள தீப்புடிச்சிருச்சு, பின்கதவு பூட்டிக் கெடந்துச்சு. கம்பியால பூட்டை உடைச்சுக் கூட வேலை செஞ்ச பதினோரு புள்ளைகளை வெளிய இழுத்தேன்."

"முதலாளி இதைப் பார்த்தா பயப்படுவாருங்க்கா."

"பயப்படுற கம்பெனியில கதவு பூட்டித்தான் கெடக்கும். உங்களுது எப்படிங்க?"

பிரணவின் கண் தன்னையறியாமல் தையல் கூடத்தின் பக்கம் போனது. கண்ணாடிக்கு அப்பால், பின்கதவில் பெரிய பூட்டு தொங்கியது. ஹரிணியும் பார்த்துவிட்டாள்.

"வேலையைப் பத்தி அப்புறம் பேசலாமுங்க. முதல்ல சாவியக் குடுங்க."

நீட்டிய கையை, அவன் மேசை இழுப்பறையைத் திறக்கும்வரை அவள் மடக்கவே இல்லை.

உங்கள் வீட்டுக் கதவெல்லாம் உள்ளேயிருந்து திறக்கட்டும் கண்ணுகளா. வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் பொழுதோடு வீடு திரும்பட்டும்.