உங்க பக்கம், எங்க பக்கம்

வயிறு கொள்ளாத முட்டையோடு கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஆமை ஒன்று, கடலடியில் கிடந்த அறுந்த வலையில் மாட்டிக்கொண்டது. சீக்கிரம் மேலே போய் மூச்சு வாங்காவிட்டால் அதன் கதை முடிந்தது.

அங்கே குறுக்கே ஒரு பாறை வரிசை. இந்தப் பக்கம் புள்ளி நண்டுகள், அந்தப் பக்கம் சிவப்பு நண்டுகள். ஒருவர் பக்கம் இருப்பதை மற்றவர் தொடக்கூடாது, சண்டை வரும் என்று இரண்டு கூட்டமும் முன்பே பேசி வைத்திருந்தன.

புள்ளி நண்டு ஓடிவந்து நாலு கண்ணியை வெட்டியது. "பயப்படாதீங்க தாயி, இதோ ஆச்சு."

அதற்குள் நீரோட்டம் வலையை அந்தப் பக்கம் தள்ளியது. நண்டு கொடுக்கை மடக்கிக்கொண்டது. "அண்ணே, இனி உங்க பக்கம். நான் தொட்டா மரியாதையா இருக்காது."

சிவப்பு நண்டு வந்து இரண்டு கண்ணியை வெட்டியது. நீரோட்டம் திரும்பியது. "தம்பி, உங்க பக்கமே வந்துட்டாங்க, பாருங்க."

"யார் பக்கமா இருந்தா என்னய்யா, எனக்கு மூச்சு முட்டுது" என்றது ஆமை.

"உங்களுக்காகத்தானே தாயி இவ்வளவு முறையா செய்யறோம்."

கடைசியில் கழுத்தில் ஒரே ஒரு கண்ணி மிச்சம். அதுவும் பாறைக்கு நேர் மேலே நின்றது.

"நீங்க வெட்டுங்க தம்பி."

"பெரியவர் நீங்க இருக்கும்போது நானா?"

ஆமை மூச்சுக்கு வாயைத் திறந்தது. தண்ணீர்தான் உள்ளே போனது.

மறுநாள் இரண்டு கூட்டமும் ஆமையைச் சுற்றிப் பந்தி உட்கார்ந்தன.

"அங்கே கறி கம்மியா இருக்கே அண்ணே," என்றது புள்ளி நண்டு, நகர்ந்து இடம் விட்டபடி. "கூச்சப்படாம இப்படி வாங்க."