சீட்டில் இல்லாத கேள்வி

வேல்ராஜின் சட்டைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. அதில் அவன் மனைவி நிர்மலாதேவி எழுதிக்கொடுத்த கேள்வி.

முனைவர் பட்டத்துக்கான வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் வந்திருக்கும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஒருவரும் வாய் திறக்காவிட்டால் நன்றாக இருக்காதென்று, வேண்டியவர்களிடம் சுலபமான கேள்வியாக முன்கூட்டியே கொடுத்துவைப்பது வழக்கம்.

"சீட்டுல இருக்கத மட்டும் படிங்க. ஒங்க போலீஸ் விசாரணையெல்லாம் அங்கன வேண்டாம்" என்று குத்துக்கல்வலசையில் வண்டி ஏறும்போதே சொல்லிவிட்டாள்.

ஏழு வருஷமாக நிர்மலா போட்ட இயற்பியல் கணக்கு. அதில் அவளுக்கு உயிராக இருந்த ஐந்தாவது அத்தியாயத்தை, ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தின வாரம் வழிகாட்டி பால்வண்ணநாதன் எடுத்துவிடச் சொன்னார். "வெளியிலருந்து வாரவரு குடைவாரும்மா, எதுக்கு வம்பு?"

எடுத்துவிட்டாள்.

குற்றாலத்துச் சாரல் கல்லூரி அரங்கின் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் முன்னால் நிர்மலா பேசினாள். நடுவில் குவார்க் என்கிற நுண்துகள், கனமானது ஒன்று. அதைச் சுற்றி இலேசானவை மொய்த்துக்கொண்டிருக்கும். கனமானது இருந்த இடத்திலேயே அசையாமல் வேறொரு கனமானதாக மாறினால், சுற்றி இருப்பவற்றுக்கு ஆள் மாறியதே தெரியாது.

"வந்திருக்கவங்க யாராவது கேக்கலாம்" என்றார் பால்வண்ணநாதன்.

வேல்ராஜ் எழுந்தான். ஊரையே விசாரிக்கிற போலீஸ் ஏட்டு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். சீட்டை எடுக்கவில்லை.

"எங்க ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் மாறுவாரு சார். புதுசா வாரவரு சத்தங்காட்டாம அதே சேர்ல உக்காந்தா, நாங்க எங்க பாட்டுக்கு வேலையப் பாப்போம். கதவ ஒதச்சிக்கிட்டு வந்தார்னா ஆளுக்கொரு பக்கமாத் தெறிச்சிருவோம். அப்படி ஒதச்சிக்கிட்டு வந்தா இந்தக் கணக்கு என்ன ஆவும்?"

அரங்கமே சிரித்தது.

பால்வண்ணநாதன் சிரிக்கவில்லை. நிர்மலாவும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விதான் ஐந்தாவது அத்தியாயம்.

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. ஆன்சர் உண்டோ?"

தெரியாது என்று சொன்னால் ஏழு வருஷமும் இத்தனை பேர் முன்னால் சிறுத்துப்போகும். தெரியும் என்றால் காட்டச் சொல்வார்.

"உண்டு சார்" என்றாள். "போட்டிருக்கேன். இப்ப கையில இல்ல."

வேல்ராஜ் நாற்காலிகளுக்கு நடுவே இறங்கி வந்தான். வைவா முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்க லட்டும் மிக்சரும் கொண்டுவந்திருந்த பைக்குள் அடிவரைக்கும் கையை விட்டு ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

அத்தியாயத்தை எடுத்துவிட்ட அன்றைக்கு அவள் கிழித்துக் குப்பையில் போட்ட தாள்கள். ஒவ்வொன்றையும் செலோடேப் போட்டு ஒட்டி, கேஸ் கட்டு மாதிரி மூலையில் நூல் கோத்து, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டிருந்தான்.

நிர்மலா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேர்வாளர் படிக்க ஆரம்பித்தார். பதினேழாம் பக்கத்தில் ஒரு துண்டு தலைகீழாக ஒட்டியிருந்தது.

அவர் தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தார்.