வீடியோவில் வந்த தையல்காரர்

மனைவியின் மார்பில் இருந்தது புற்றுநோய்க் கட்டி. "ஆரம்பக் கட்டம்தான், ஆபரேஷன் பண்ணிடலாம்" என்றார் டாக்டர். அவள் மசியவில்லை.

"கத்தியே வேண்டாங்க. இந்த வீடியோவைப் பாருங்க. இந்தத் தையல்காரருக்கும் புற்றுநோய்தான். மூலிகைப் பொடியிலயே குணமாயிட்டாராம்."

"சரி, அவரையே நேர்ல கேட்டுடலாம்" என்றான் கணவன்.

விசாரித்துக் கடைக்குப் போனார்கள். தையல்காரரைப் பற்றிக் கேட்டதும், தைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள்.

"பொடி விஷயமா? உட்காருங்க. இதுவரைக்கும் எட்டுப் பேர் வந்துட்டாங்க."

"அவர் எப்படி இருக்கார்?" ஆவலாகக் கேட்டாள் மனைவி.

"வீடியோ எடுத்த நாலாவது மாசமே போய்ச் சேர்ந்துட்டார்மா. நான் அவர் சம்சாரம். அந்த வீடியோவை நீக்குங்கன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். அதான், வர்றவங்ககிட்ட நானே சொல்லிடறேன். அவருக்கும் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருந்தார். போகலை."

வெளியே வந்ததும் மனைவி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வேண்டாங்க. நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."