முன்வரிசை போன்

"ஏளா, மேடையேற பயமா இருக்கு. எனக்கு வயித்துவலின்னு சொல்லிரு, வீட்டுக்குப் போயிருவோம்."

தூத்துக்குடியில் ஒரு மண்டப வாசலிலேயே மாரிராஜ் நின்றுவிட்டான். உள்ளே, அவனைப் போல ஊர் சுற்றி வீடியோ போடுகிறவர்களின் கூட்டம். கொற்கையைப் பற்றி அவன் நன்றாகப் பேசிவிட்டால், அடுத்த மாதம் சென்னை மேடையும் கிடைக்கும்.

"வீடியோவுல மட்டும் வாய் ஓயாமப் பேசுதிய?" என்றாள் மனைவி சுடலைச்செல்வி.

"போனு நம்மள முறைக்காதுல்லா."

"அப்பம் முன்வரிசையில உக்காந்து என் போனத் தூக்கிப் பிடிக்கேன். கூட்டத்தப் பாக்காதிய, அதப் பாத்தே பேசுங்க."

மேடையேறியவன், அவள் கன்னத்தருகே உயர்ந்திருந்த போனைப் பார்த்தான்.

"வணக்கம் மக்களே! கொற்கை ஒரு காலத்துல முத்துத் துறைமுகம். இன்னைக்கு அந்த ஊர்க்காரங்க கடலப் பாக்க பஸ் ஏறணும்."

மண்டபம் சிரித்தது. அதன்பின் அவன் எங்கும் தடுமாறவில்லை. சென்னைக்கும் அங்கேயே அழைத்துவிட்டார்கள்.

இறங்கி வந்ததும் கையை நீட்டினான். "வீடியோவக் காட்டு. சேனல்ல போடணும்."

"வீடியோ ஏது? பஸ்ல வரும்போதே சார்ஜ் தீந்துபோச்சு."

"அப்பம் இவ்வளவு நேரம் யாருகிட்டளா பேசினேன்?"

"எங்கிட்டதான். கல்யாணம் ஆனதுலருந்து எம்மூஞ்சியப் பாத்து இவ்வளவு நேரம் நீங்க பேசினது இன்னைக்குத்தான்."