ஆட்சேபம் இல்லை

மூன்றாம் பக்கம் தாண்டியும் கண்ணி ஒன்றும் அகப்படவில்லை. வக்கீலம்மாவுக்கு எரிச்சலாக வந்தது.

வேலை கொடுக்கும் கடிதங்கள் அவருக்குப் புதிதில்லை. முதல் பக்கத்தில் மாலை போடுவார்கள், கடைசிப் பக்கத்தில் விலங்கு மாட்டுவார்கள். அந்த விலங்கு எந்த வரியில் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பதுதான் அவர் பிழைப்பு.

எதிரே கணவனும் மனைவியும். மனைவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் ஐம்பதைத் தாண்டியவர். வந்ததிலிருந்து சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசியதெல்லாம் மனைவிதான். இவர் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர். ஆளைச் சேர்க்கும் கடிதமும் ஆளை நீக்கும் கடிதமும் இவர் கையால்தான் போகும். போன வருஷம் இவரை நீக்கும் கடிதத்தையும் இவரையே அடிக்கச் சொன்னார்களாம். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாராம்.

அதன் பிறகு ஏறாத படி இல்லை. இப்போது தூரத்து ஊரில் ஒரு வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டும், தனியாக.

“வக்கீல் பாத்து சரின்னு சொன்னாதான் அனுப்புவேன்னு சொல்லிட்டேன் மேடம். தப்பா எதுவும் இருந்தா ஒளிக்காம சொல்லுங்க.”

சூடு கண்ட பூனை என்று நினைத்துக்கொண்டு, வக்கீலம்மா மறுபடி முதலிலிருந்து படித்தார்.

தங்கள் அனுபவம் எங்களுக்குப் பெருமை என்றது கடிதம். உடம்பு முடியாவிட்டால் வேண்டிய அளவு லீவு எடுத்துக்கொள்ளலாம். ஊழியரிடம் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். வேலையிலிருந்து நீக்குவது பற்றி ஒரு வரி கிடையாது. தங்க இடம் உண்டு, ஆனால் குடும்பத்தை அழைத்து வர அனுமதியில்லை. கடைசியாக, ஊழியரிடமிருந்து தகவல் வரத் தாமதமானால் குடும்பத்தார் கவலைப்பட வேண்டாம்.

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. சம்பளம் கொடுக்கவே மூக்கால் அழுகிற முதலாளிகள் எந்த ஊரில் இவ்வளவு பிரியமாக எழுதுகிறார்கள்?

பிறகு புரிந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

கணவர் இப்போது காலண்டரைப் பார்க்கவில்லை, வக்கீலம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் முழங்காலின் மேல் எதையோ அடித்துக்கொண்டிருந்தன.

ஊருக்கெல்லாம் கடிதம் அடித்தவர், தனக்கென்று அடிக்கும்போது மிரட்டலைச் சேர்க்க மறந்துவிட்டார். பாவம், யாருக்குத்தான் மனசு வரும்.

வக்கீலம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். சும்மா இருக்கிறார் என்ற பேச்சுக்குப் பயந்து இந்த வேலை செய்திருக்கிறார். வெளியூர் போய் நாலு இடம் ஏறி இறங்குவார். கிடைத்தால் இந்தப் பொய்யே மெய்யாகிவிடும், கிடைக்காவிட்டால் திரும்பி வருவார். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமென்றால், ஒரு பொய் சொல்லி ஒரு மனுஷனின் மானத்தைக் காப்பாற்றக் கூடாதா?

பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், படித்துப் பார்த்தேன், ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தினார். தாராளமாகப் போகலாம் என்றார். சொல்லும்போது தன்னைப் பற்றியே அவருக்குக் கொஞ்சம் நல்லெண்ணம் வந்தது.

கணவர் ஸ்கூட்டரை எடுப்பதற்காகப் படியிறங்கிப் போனார்.

மனைவி எழுந்திருக்கவில்லை. கடிதத்தைத் தொடவும் இல்லை.

“அவரு அடிச்சதுதான் மேடம் இது. ஜெராக்ஸ் கடையில உக்காந்து அடிச்சிட்டிருந்ததை நானே பாத்தேன். நீங்களாவது போகக் கூடாதுன்னு சொல்லுவீங்கன்னுதான் கூட்டிட்டு வந்தேன்.”

அப்படியென்றால் திங்கட்கிழமை எங்கேதான் போகிறார் என்று கேட்டார் வக்கீலம்மா.

தெரியாது என்றாள். ஊருக்குக் கிளம்புகிறவர் பெட்டியில் இன்னும் ஒரு சட்டைகூட வைக்கவில்லையாம். நேற்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மகனுக்குக் கட்டிவிட்டாராம். கேட்டுவிடலாம்தான், ஆனால் கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

மேஜைமேல் அந்தக் கடைசி வரி கிடந்தது. கவலைப்பட வேண்டாம். வக்கீலம்மா கடிதத்தைப் பிடித்து இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

கணவர் வாசலில் நின்றார். மனைவியைக் காணோமென்று திரும்பி வந்திருக்கிறார். பரீட்சை முடிந்து வெளியே வந்த பையனின் முகம் அவருக்கு.

ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது, இன்னொரு தரம் பார்க்க வேண்டும், உட்காருங்கள் என்றார் வக்கீலம்மா.

அவர் உட்காரவில்லை. மேஜைக்கு வந்து, வக்கீலம்மாவின் விரல்களுக்கு அடியிலிருந்து கடிதத்தை மெதுவாக உருவினார்.

“சீல் போட்டப்புறம் எதையும் மாத்தக் கூடாது மேடம்.”

பழைய மடிப்பு பிசகாமல் அதை மடித்தார். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார்.