அம்மாவின் தைராய்டு டப்பா

ஆணழகன் போட்டியில் முதல் பரிசு தனக்குத்தான் என்று கேட்டதும் ஜிம்மில் 'புல்டோசர்' என்று பட்டப்பெயர் வாங்கியவன் பயந்துபோய் மாஸ்டரிடம் ஓடினான். ஜெயித்தவனுக்கு மட்டும்தான் ஊக்கமருந்துப் பரிசோதனை.

"ரெண்டாவதாத்தான் வருவேன்னு சொன்னீங்களே மாஸ்டர்?"

"நீ இவ்வளவு நல்லா வருவேன்னு எவன்டா கண்டான்?" என்று ஜிம் மாஸ்டர் மெல்ல நழுவினார்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசியை வாங்கித் தந்தவரே அவர்தான். அது தைராய்டை இறக்கிவிடும், கூடவே தைராய்டு மாத்திரையும் முழுங்கு என்று சொன்னவரும் அவர்தான். மாத்திரைக்கு எங்கே போவது? அம்மாவின் டப்பாவில் தினமும் கை வைத்தான்.

பரிசோதனை முடிவு வந்தது. துளி மருந்துகூட இல்லையாம்.

தலைகால் புரியாமல் கோப்பையோடு வீட்டுக்கு ஓடினான். அம்மா கதவைத் திறந்தாள்.

"என்னடா, டெஸ்ட்ல பாஸா?"

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு எப்படிம்மா..."

"ஃப்ரிட்ஜ்ல முட்டைக்குப் பின்னாடி ஊசி மருந்து. என் டப்பால மாத்திரை குறையுது. நர்ஸ் வேலை பாக்கறவகிட்டயேவா? அன்னிக்கே உன் மருந்தைக் கொட்டிட்டு சலைன் தண்ணிய ஊத்தி வெச்சேன். என் மாத்திரைய பீரோவுல பூட்டிட்டு, டப்பால காபிக்குப் போடற இனிப்பு மாத்திரைய நிரப்பிட்டேன்."

"அப்போ நான் ஜெயிச்சது?"

"தினம் நான் அவிச்சுக் கொட்டின முட்டையில."

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. "பொய் சொல்லாதம்மா. ஒவ்வொரு தடவை முழுங்கும்போதும் குப்புனு வேர்த்துச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சுது."

"பெத்தவ மருந்தைத் திருடித் தின்னா வேற எப்படிடா அடிக்கும்?"