அறுபத்தைந்து தடி

மூன்று துவக்குகளும் துப்பாக்கிக் கடையின் கண்ணாடி மேசைமேல் கிடந்தன.

அவள் இன்னும் எதையும் தொடவில்லை.

புருஷனுக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டான் கடைக்காரன் லோய்ட். எனக்கு என்றாள் அவளும் ஆங்கிலத்தில்.

பக்கத்தில் நின்ற நகுலேஸ் இருமினான். கணவனின் தம்பி. மூன்று மணிக்கு வக்கீலிடம் கூட்டிப்போகத்தான் ரொறன்ரோவிலிருந்து காரோடு வந்திருந்தான். வழியில் ஒரு சாமான் எடுக்கவேண்டும், நிற்பாட்டு தம்பி என்றாள். தேங்காய்ப்பூவோ கருவேப்பிலையோ என்று நினைத்து நிற்பாட்டினான், பாவம்.

கைப்பைக்குள் காணி விற்கிற பத்திரம் இருந்தது. கணவன் கையெழுத்து வைத்தாகிவிட்டது. இனி அவளுடையதுதான். இடம் மாறிப்போகக் கூடாதென்று நகுலேஸே அவள் வைக்கவேண்டிய கோட்டின்மேல் பேனாவால் குறுக்கும் மறுக்குமாக ஒரு புள்ளடி போட்டுக் கொடுத்திருந்தான்.

பதினாலு ஏக்கர். கத்தரி, வெண்டி, பயிற்றை.

அதற்குக் கீழே வளை.

வளை தோண்டுகிற பிராணியைக் கிரவுண்ட்ஹொக் என்கிறார்கள். பூனையைவிடப் பெரிசு, உடம்பெல்லாம் கொழுப்பு. பயிற்றங்கொடியை அடியோடு தின்றுவிட்டு, வளை வாசலில் எழும்பி நின்று கலியாணவீட்டுக்கு வந்த சம்பந்திமாதிரி ஊரைப் பார்க்கும். வளைக்குள் இரண்டு கிலோ மிளகாய்த்தூள் கொட்டினாள். ஊரில் வறுத்து இடித்து அனுப்பிய தூள். அறுவான்கள் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

போன ஆனியில் டிராக்டரின் முன்சில்லு ஒரு வளைக்குள் இறங்கியது. ஓட்டிய கணவர் தூக்கியெறியப்பட்டார். இடுப்பெலும்பு போயிற்று.

நீயும் விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டுவிட்டுத்தான் அவர் கையெழுத்து வைத்தார். அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் வந்தது.

குழியை மூடலாம். தோண்டுகிறதை என்ன செய்வது?

லோய்ட் முதலாவதை அவள் பக்கம் தள்ளினான். தோட்டா அளவு இருபத்திரண்டு. லேசானது, உதைக்காது, பெண்களுக்கு நல்லது.

எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.

இருநூற்றைம்பது அடி.

காணாது, வளை அதற்கும் அப்பால். கல்லில் பட்டால்?

எகிறும், என்று ஒத்துக்கொண்டான்.

அதை அவன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"வாங்கிறதெண்டால் இதை வாங்குங்கோ அண்ணி." நகுலேஸ் மூன்றாவதைக் காட்டினான். இருநூற்று இருபத்துமூன்று. தோட்டாவே விரல் நீளம். அவன் வாங்குகிற எல்லாமே அப்படித்தான். வீடு, கார், தொலைக்காட்சி. "சத்தத்தைக் கேட்டாலே நீங்கள் உந்த யோசினையை விட்டிடுவியள்."

சத்தம். ஷெல் விழுந்த காலத்திலும் தண்ணீர் கட்டி, கத்தரி நட்டு, சந்தைக்கு அனுப்பியவளிடம் சொல்கிறான்.

அவள் அந்தப் பெரிய துவக்கைப் பார்த்தாள். வளைகளுக்கு அப்பால் வேலி. வேலிக்கு அப்பால் ரோட்டு. அங்கேதான் பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

வேண்டாம் என்றாள்.

நடுவில் கிடந்ததைத் தொட்டாள். பதினேழு. தோட்டா ஊசிபோல இருந்தது.

மண்ணில் பட்டால்?

அநேகமாக அங்கேயே நொறுங்கிப்போகும் என்றான். நானூறு அடிக்கு நேராகப் போகும். காற்றென்றால் விலகும்.

காற்றை அவளுக்குத் தெரியும். எந்த நேரம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பதினெட்டு வருடமாக உரம் தூவிய கைக்குத் தெரியும்.

தூரமும் தெரியும். கொட்டில் வாசலிலிருந்து வளை வரைக்கும் பயிற்றைக்கு அவளே ஊன்றிய தடிகள் அறுபத்தைந்து. தடிக்குத் தடி ஆறடி. முன்னூற்றுத் தொண்ணூறு. வளைக்குப் பின்னால் ஆளுயர மண்மேடு.

"இது."

லோய்ட் இப்போது அவளை வேறுமாதிரிப் பார்த்தான். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டான்.

நகுலேஸ் சிரித்தான். அப்பாடா என்ற சிரிப்பு.

அவள் சின்ன அட்டையை எடுத்து வைத்தாள். படத்தில் அவள்தான். முகத்தில் சிரிப்பில்லை. இரண்டு நாள் வகுப்பு, இருபது ஆண்கள், அவள் ஒருத்தி. கண் டாக்டரிடம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய் எழுதிய சோதனை. தொண்ணூற்றாறு புள்ளி.

லோய்ட் தொலைபேசியில் இலக்கத்தைச் சொல்லிச் சரிபார்த்தான்.

"அண்ணி, வக்கீல் பாத்துக்கொண்டு நிப்பார்." நகுலேஸின் குரல் இறங்கியிருந்தது.

காசைக் கட்டினாள். சுட்டுப் பழகக் காகிதம் வேண்டாமா என்று கேட்டு, வட்டம் வட்டமாக அச்சடித்த தாள்களை லோய்ட் எடுத்தான்.

தன்னிடம் இருக்கிறது என்றாள்.

கைப்பையைத் திறந்து, பத்திரத்தை எடுத்து, கண்ணாடிமேல் விரித்தாள். நகுலேஸின் முகம் மலர்ந்துவிட்டது. இங்கேயே வைக்கப்போகிறாள் என்று அவசரமாகப் பேனாவை நீட்டினான்.

வாங்கிக்கொண்டாள்.

அவன் போட்டிருந்த புள்ளடியைச் சுற்றி ஒரு வட்டம் கீறினாள். ஆறுதலாக, ஒரு கிரவுண்ட்ஹொக்கின் தலையளவுக்கு.

பேனாவை மூடி அவன் கையில் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலமை வா தம்பி. அறுபத்தைஞ்சாவது தடியில குத்தி வைக்கிறன்."